டேஷ்போர்டு பாக்கி

அந்தக் காரின் நீளம் பன்னிரண்டு அடி நான்கு அங்குலம். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரை ஏழு அடி ஆறு அங்குலம். ஹெட்லைட்டின் வட்டம் ஏழு அங்குலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கார் நின்ற வீட்டில் ஒரு பெண் இருந்தாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஏழு ஞாயிற்றுக்கிழமை என்னோடு நின்றாள். அவளுக்கு என்ன வயது, என்ன படித்திருக்கிறாள், வீட்டில் அவளுக்கு என்ன யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று எதையும் நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். கடைசி இரண்டு ஞாயிறு எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தொன்பது வயது. வீடு, தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த சாம்பியன் ரீப்ஸ் லைனில். அப்பா சுரங்கத்தில் பாறை துளைத்தவர். நெஞ்சில் தூசி அடைத்துச் சீக்கிரமே போய்விட்டார். அம்மாவும் நானும்தான். மண் வாரும் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில், டிராயிங் ஆபீஸில் எனக்கு வேலை. சொந்தக்காரர்களிடம் சொன்னால் பெரிய வேலை மாதிரி இருக்கும். ஆறு வருஷமாக நான் வரைந்தது என்னமோ எண்ணெய்க் குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் மட்டும்தான். பெரிய கிளாம்ப், சின்ன கிளாம்ப், வளைந்த கிளாம்ப். முழு வண்டி ஒன்றை நான் வரைந்ததே கிடையாது.

பள்ளிக்கூட நாளில் நான் கார் செய்தவன். பால் பவுடர் டப்பாவை வெட்டித் தட்டி நிமிர்த்தி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, தெருவில் போகிற கார் எப்படியோ அப்படியே சின்னதாகச் செய்வேன். வேலை கிடைத்ததும் அதெல்லாம் போயிற்று. ராபர்ட்சன்பேட்டைப் பழைய பேப்பர் கடையில் ஒருநாள் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் பொட்டலம் கட்டக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அட்டையில் ஒரு கார், பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டியை மட்டும் மறைத்துவிட்டால் நிஜக் கார் என்று சத்தியம் செய்யலாம். பிடுங்காத குறையாக அதை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் பழைய பைத்தியம் மறுபடி பிடித்தது. இந்த முறை கண்ணளவு கிடையாது, அசலில் ஒரு அடி என்றால் இதில் ஒரு அங்குலம், அவ்வளவு கறாராகச் செய்வது என்று முடிவு கட்டினேன்.

அதற்கு அசல் கார் ஒன்றைத் தொட்டு அளக்க வேண்டும். எங்கள் லைன்களில் கார் வைத்திருந்தவர் யார்? ஒருவர் இருந்தார். பக்கத்துச் சுரங்கப் பகுதியான ஊரிகத்தில் வீடு, எங்கள் சபைதான். வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜ் முப்பது வருஷம் அவர் கையில் ஏறி இறங்கியது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அவரிடம் விட்டுப்போன கறுப்புக் கார், வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நின்றது. ஓடாது. ஆனாலும் தினம் துடைப்பார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவரிடம் போய், உங்கள் காரை அளந்துகொள்ளலாமா அங்கிள் என்று கேட்டேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் வாங்க தம்பி என்றார்.

முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது, ஒற்றை ஆளாக அளக்க முடியாது என்று. பன்னிரண்டு அடிக்கு டேப்பை இழுத்தால் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அங்கிளுக்குக் குனிய முடியாது. உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து பிடித்தாள். நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியதும் அவள்தான். என் நோட்டு, அவள் கையெழுத்து. எண்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். ஏழு அங்குலம் என்று நான் சொன்னால் ஏழு முழுசா, கொஞ்சம் குறைவா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவாள். நல்ல கை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். கை மட்டும்தான் கண்ணில் பட்டது, பாருங்கள்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி ஒட்டியிருக்காது, எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகாத ஆண், வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று கூப்பிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்தால் அதற்கு ஒரு அர்த்தம். சாப்பிட்டால் இன்னும் பெரிய அர்த்தம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, கோயில் சட்டையோடு, எல்லாரும் பார்க்கிற நேரத்தில் போனால் கேட்கவே வேண்டாம். முதல் ஞாயிறு காபி கொடுத்தார்கள். இரண்டாவது ஞாயிறு கேக். மூன்றாவது ஞாயிறு உட்கார வைத்து ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றினார்கள். நான் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். காலையில் ஆராதனை, அதன்பின் சாப்பாட்டு வேளை வரை அளவு. வாரத்துக்கு ஒரு பக்கம்தான் முடியும். அவசரப்பட்டால் அளவு தப்பிவிடும் இல்லையா?

நான்காவது வாரம் ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருந்தார்கள். கொட்டகையில் எனக்கென்று ஒரு நாற்காலி. ஆன்ட்டி, அதாவது அவளுடைய அம்மா, என் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா, குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, சொந்த ஊர் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அங்கிள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, நம்ம தம்பி என்று என்னைக் காட்டினார். என் வேலையின் நேர்த்தியைப் பார்த்து மதிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடப்பாவி, மூளை எங்கே மேயப் போயிருந்ததோ!

ஐந்தாவது வாரம் முடிந்து திங்கட்கிழமை, என் பக்கத்து டிராயிங் போர்டில் வேலை செய்கிறவன் சிரித்துக்கொண்டே கேட்டான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் பெயரைச் சொல்லி அறிவிப்பதை நாங்கள் ஓலை வாசிப்பது என்போம். எல்லாருக்கும் மூன்று ஞாயிறு, உனக்கு மட்டும் ஐந்தா என்றான். எனக்கு விளங்கவில்லை. விளக்கினான். அன்று வரைந்த கிளாம்பில் ஓட்டையை வேறு இடத்தில் போட்டேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிற்கிறார். சபைப் பெண்கள் சங்கத்தில் யாரோ வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் குடியாத்தத்தில் மாமா மகளைப் பேசி வைத்து ஒரு வருஷமாகிறது. நானும் சரி என்று சொல்லியிருந்தேன்.

“அந்தப் பொண்ணக் கட்டப் போறியா?” என்றார் அம்மா.

இல்லை என்றேன்.

“அப்ப இன்னாத்துக்குடா வாரா வாரம் போய்க் குந்திகினு வர்றே? இன்னிக்கே போய்ச் சொல்லிட்டு வா. பொம்பளப் புள்ள வாழ்க்க அது.”

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது. “டேஷ்போர்டு பாக்கி கீதுமா. ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்” என்றேன். அம்மா என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அம்மா என்னை அடித்ததுண்டு, திட்டியதுண்டு. அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அங்கிள், எனக்கு வேறு இடத்தில் பேசியாயிற்று, கார் அளவு மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றால் போதும். ஆனால் சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்களே, டேஷ்போர்டு போய்விடுமே! பத்திரிகையில் வந்த கார்களில் டேஷ்போர்டின் முள்ளெல்லாம் தெரியும். என்னுடையது மொட்டையாக நிற்குமே என்று நினைத்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு தட்டில், நாலு முள்ளும் ஒரு பலகையும் உள்ள அந்தச் சாமானை இன்னொரு தட்டில் வைத்து, பலகைதான் கனம் என்று முடிவு செய்தவன் நான். ஆறாவது ஞாயிறும் போனேன். சாப்பிடவும் செய்தேன். அன்று சீட்டுகளை அளந்ததிலேயே பொழுது போய்விட்டது.

ஏழாவது ஞாயிறு டேஷ்போர்டு. காருக்குள் முன்சீட்டில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். கொட்டகைக்கு முன்னால் லைன்; போகிற வருகிற எல்லாருக்கும் நாங்கள் தெரிவோம். அவள் டேப்பின் முனையைக் கதவோரம் பிடித்திருந்தாள். டேப்பின் பெட்டியை நான் என் பக்கம் இழுத்தேன். அப்போது அவள் மெதுவாகப் பேசினாள். என்னைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

“போன வாரம் பெங்களூர்ல இருந்து என்னப் பாக்க வர்றோம்னு சொல்லி அனுப்புனாங்க. எங்கப்பா வேணாம்னுட்டாரு. இங்கயே ஒரு எடம் கீதுன்னு சொல்லிட்டாரு. அவரு உங்களக் கேக்க மாட்டாரு, அதான் நான் கேக்கறேன். நீங்க எங்க வீட்டுக்கு எதுக்கு வர்றீங்க?”

வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? வாய் திறந்தது. “காருக்குத்தாங்க” என்றேன்.

அவள் டேப்பை விட்டுவிட்டாள். ஸ்டீல் டேப், விட்டால் சுருண்டு பாயும். சர்ரென்று வந்து என் விரலைக் கீறியது. அவள் கதவைத் திறந்து இறங்கி, சத்தம் வராமல் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனாள். உள்ளே ஆன்ட்டி தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. நான் திருடன் மாதிரி கொட்டகையின் பின்பக்கமாக வந்து சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில்தான் நோட்டைச் சீட்டிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. விரலில் ரத்தத்தோடு சைக்கிள் மிதித்துக்கொண்டு, டேஷ்போர்டு அளவு கிடைக்காமல் போயிற்றே என்றும் ஒரு தடவை நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஆபீஸில் பக்கத்து போர்டுக்காரன், ஊரிகத்திலிருந்து கொடுத்தனுப்பியது என்று ஒரு பொட்டலத்தை என் மேஜையில் வைத்தான். செய்தித்தாளில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. என் நோட்டு. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. நான் பிரிக்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருப்பாளோ என்று பயம். பாதி செய்து வைத்திருந்த சின்னக் காரின் தகர உடம்போடு சேர்த்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ஈயம், கத்தரி எல்லாம் அதற்குள்ளேயே போயிற்று. அதற்கப்புறம் நான் காலை ஆராதனைக்குப் போவதில்லை. சாயங்கால ஆராதனைக்கு மாறிவிட்டேன். மறு வருஷம் குடியாத்தத்தில் கல்யாணம் நடந்தது. என் மனைவிக்கு இன்றுவரை இது தெரியாது.

பெங்களூர்க்காரர்கள் மறுபடி சொல்லி அனுப்பவில்லை. வேறு யாரும் வரவில்லை என்று அம்மாதான் அவ்வப்போது என் காதில் விழும்படி சொல்வார். ஏழு வாரம் ஒருத்தன் வந்து சாப்பிட்டு, காரில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு, அப்புறம் வரவே இல்லையென்றால் லைன் என்ன பேசும்? அவனிடமா குறை தேடும்? அங்கிள் மட்டும் கடைத்தெருவில் பார்த்தால் முன்போலவே நின்று, நல்லா இருக்கீங்களா தம்பி என்று கேட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். குறையட்டும் என்று அவர் திட்ட வேண்டுமா என்ன?

சுரங்கத்தை மூடிய வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் லைன் வழியாக ஒரு லாரி போனது. மேலே கயிறு கட்டிய கறுப்புக் கார். பழைய இரும்புக்குப் போகிறது. சக்கரம் நாலும் காற்றிறங்கித் தட்டையாக இருந்தது. வாசலில் நின்று பார்த்தேன். லாரி திரும்பிய பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். எட்டு வருஷம் ஆகியிருந்தது. நூலை அறுத்துப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

நோட்டில் வசவு இல்லை. கடிதம் இல்லை. கடைசி மூன்று பக்கத்தில் டேஷ்போர்டு இருந்தது. அகலம், உயரம், வளைவு, வட்டம் வட்டமாக முள் மீட்டர்கள் மூன்று, ஒவ்வொரு குமிழுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், சாவித் துவாரம் எங்கே, எல்லாம். படமும் போட்டிருந்தாள். எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை குறித்திருந்தாள். தனியாக எப்படி அளந்தாளோ! மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் இறங்கிப் போன பிறகும் என் வேலை நின்றுவிடக்கூடாதென்று உட்கார்ந்து அளந்திருக்கிறாள், எப்பேர்ப்பட்ட மனசு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாற்பதை நெருங்கும் வயதிலும் எனக்குப் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

மறுபடி கத்தரியைத் துடைத்து எண்ணெய் போட்டேன். மூன்று மாதம் ஆயிற்று. டயருக்கு சைக்கிள் டியூப். கண்ணாடிகளுக்கு எக்ஸ்ரே பிலிமைச் சலவைச் சோடாவில் ஊறவைத்துக் கழுவினால் தெளிந்துவிடும். அது எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் பஞ்சமில்லாத பொருள். நான் கழுவியது அப்பாவின் நெஞ்சுப் படம். டேஷ்போர்டை அவள் கொடுத்த அளவுப்படி செய்தேன். ஓர் இடத்திலும் பிசகவில்லை. நான் எடுத்த அளவுகளில்தான் இரண்டு இடத்தில் தப்பு இருந்தது.

கார் முடிந்ததும், அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானித்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பட்டப்பகல். ஊரிகம் லைனில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மீதி வீடுகளில் ஆட்கள் வாசலில் இருந்தார்கள். தகரக் கொட்டகை காலி. அவள்தான் கதவைத் திறந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பதும், கல்யாணம் ஆகாததும், அங்கிள் படுத்த படுக்கையாக இருப்பதும் எனக்குத் தெரிந்ததுதான். நான் பழக்க தோஷத்தில் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன்.

“அங்கயே நில்லுங்க” என்றாள். “எல்லாரும் பாக்கறாங்க.”

காலைப் பின்னால் எடுத்தேன். காரை நீட்டினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது ஒன்றுகூட வாயில் வரவில்லை. டேஷ்போர்டு அளவெல்லாம் ரொம்ப கரெக்டாக இருந்தது என்றேன். அதுதான் வந்தது.

“கரெக்டா இருக்கணும்னுதான் எடுத்தேன்” என்றாள். குரல் உயரவில்லை. “ஒண்ணு கொறஞ்சாலும் அதக் கேட்டுகினு இன்னொரு ஞாயித்துக்கெழம வந்து நிப்பீங்க. வரக்கூடாதுன்னுதான் எழுதி அனுப்புனேன்.”

காரை வாங்கிக் குனிந்து, அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்பாவுக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்றேன். எதிர் வீட்டில் இருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து அங்கிள் இருமுவதும், இருமலுக்கு நடுவே ஹார்ன் எங்கே, ஹார்ன் எங்கே என்று கேட்பதும், இதோ இருக்குப்பா என்று அவள் சொல்வதும் கேட்டது. அவர் சிரித்தார். கால் மணி நேரம் இருக்கும். அவள் திரும்பி வந்தபோது கார் அவள் கையிலேயே இருந்தது.

“அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்” என்றாள். “இதை எடுத்துகினு போயிடுங்க. வீட்ல வச்சா வர்றவங்க போறவங்க யாரு குடுத்ததுன்னு கேப்பாங்க.”

கொடுத்தாள். கதவைச் சாத்தினாள், அன்றைக்கு மாதிரியே சத்தம் வராமல். காரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு லைன் முழுக்க நடந்தேன். ஒருவர் நிறுத்தி, யார் செய்தது, இவ்வளவு கணக்காக இருக்கிறதே என்று கேட்டார். நான்தான் என்றேன். சாம்பியன் ரீப்ஸ் வந்து, என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை என்று.